பழைய நீர்க்கோடு

கேள்வி ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். இரண்டு வாக்கியமானால் அது குறைகூறல், மூன்றானால் புலம்பல், நான்காவதற்கு நான் மூச்சு இழுப்பதற்குள் அரங்கிலிருக்கும் அத்தனை பேரும் பழைய பெண்டாட்டியின் வயிற்றெரிச்சல் என்று தீர்ப்பெழுதிவிட்டுத் தேநீருக்கு எழுந்துவிடுவார்கள். ஆகவே ஒரே வாக்கியம். உங்களுக்குப் பரிசு வாங்கித்தந்த அந்தப் படத்தில் பனி விழுதுகள் ஏன் சாய்ந்து தொங்குகின்றன? இவ்வளவுதான். முன்னால் பெயர் சேர்க்கலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். 'நந்தகோபால் அவர்களே' என்றால் கிண்டல் தெரிந்துவிடும். 'நந்து' என்றால் குடித்தனம் தெரிந்துவிடும். மொட்டையாகக் கேட்பதே நல்லது, நீதிமன்றத்தில் கேட்பதுபோல. மாலையில் கீழ்த்தள அரங்கில் 'ஒரு படம் பிறந்த கதை' என்று அவன் பேசப் போகிறான். முடிவில் யாருக்காவது சந்தேகம் உண்டா என்று, யாருக்கும் இராது என்ற நம்பிக்கையோடு, கைகளை அகல விரித்துக் கேட்பான். அப்போது நான் எழுவேன். மாலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது மேல்தளக் குளிரில் நிற்கிறேன். கைப்பிடிக் கம்பியின் இரும்பு இரண்டு கையுறைகளையும் தாண்டிக் கடிக்கிறது, மூக்கு ஒழுகி மேலுதட்டில் உறைகிறது, புகைபோக்கியிலிருந்து டீசல் நெடி இறங்குகிறது. கப்பல் நடக்கிற வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. கடலின் மேல் முழங்கால் உயரத்துக்கு மூடுபனி, பாலாடை படிந்ததுபோல. அடிவானம் இல்லை, தண்ணீர் இல்லை, அதற்கு மேலே எதிலும் ஒட்டாமல் ஒரு பனிப்பாறை மட்டும் மிதந்து வருகிறது, ஒரு ரயில் நிலையத்தின் பருமன். எனக்குப் பின்னால், மேல்தளத்தின் நடுவில், நந்தகோபால் தன் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "அவசரப்படாதீங்க. பாறை எங்கயும் ஓடிடாது. நாமதான் ஓடிட்டு இருக்கோம்." சிரிக்கிறார்கள். அந்த வேடிக்கையும் என்னுடையதுதான். போகட்டும், வேடிக்கைகளை வைத்துக்கொள்ளட்டும்.

இந்தக் கப்பலில் பனியைப் பற்றிப் பாடம் சொல்வது என் வேலை. ஒளியியலில் முதுகலை படித்துவிட்டு, கல்லூரி ஒன்றில் சில வருடங்கள் கரும்பலகையோடு மல்லுக்கட்டிவிட்டு, மணவாழ்க்கையிலிருந்து எழுந்துவந்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். தென்முனைக் கடலுக்கு வருகிறவர்கள் பணக்காரர்கள், பொறுமை குறைந்தவர்கள், அவர்களுக்குப் பனியின் வயதைச் சொன்னால் தங்கள் வயது மறந்துபோகிறது. எனவே என்னை விரும்புகிறார்கள். இந்த முறை பயணிகள் பட்டியலில் சென்னையிலிருந்து ஒரு புகைப்படக் குழு என்று கண்டபோதே பெயர்களை ஒவ்வொன்றாக விரல்வைத்துத் தேடினேன். கப்பல் புறப்பட்ட உஷுவாயா துறைமுகத்தில் ஏணிப்படியில் அவன் ஏறிவந்தான், அதே தோல்தொப்பி, தாடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான். பிறகு, இவள் என்ன செய்துவிடுவாள் என்ற அந்தப் பழைய கணக்கை முகத்தில் போட்டுமுடித்துவிட்டுச் சிரித்தான். "பழசையெல்லாம் கிளற வேணாம் தில்லை, தொழில் பண்ற இடம்" என்று காதருகே சொன்னான். சரி, கிளற வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன், இரவு உணவு மேசை வரைக்கும். அங்கே, சூப்புக் கிண்ணங்கள் வந்த நேரத்தில், தன் குழு முழுவதற்கும் கேட்கிற குரலில் என்னைக் காட்டிச் சொன்னான்: "நம்ம படத்தோட கதையில ஒருத்தங்க கேபின்ல இருந்தாங்கன்னு சொல்வேன்ல? இவங்கதான் அது. நான் மேல உயிரைக் கையில பிடிச்சுட்டு நிக்கிறேன், மேடம் கீழ பக்கெட்டோட குடும்பம் நடத்திட்டு இருக்காங்க!" மேசையே குலுங்கியது. பக்கெட்டோடு குடும்பம். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, அவன் சொன்னதை அல்ல, என் முகத் தசைகள் என்னைக் கேட்காமல் சிரித்ததை. பழக்கப்பட்ட நாய் விசிலுக்கு எழுவதுபோல என் உதடுகள் எழுந்து விரிந்தன. அன்றிரவே முடிவு செய்தேன். கரண்டியை வைப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம், சூப்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

படம் எடுத்த அந்தக் காலையில் பக்கெட்டோடு இருந்தது யார் என்பது எனக்கும் அவனுக்கும் அந்தப் பக்கெட்டுக்கும் தெரியும். எட்டு வருடங்களுக்கு முன்னால், வேறொரு கப்பல், இதே கடல். முதல் நாளே நந்தகோபால் கப்பல் ஆட்டத்தில் வாந்தியெடுத்து விழுந்துவிட்டான். காதுக்குப் பின்னால் மருந்துப் பட்டை, கையில் எலுமிச்சை, கண்ணில் சாவுபயம். "நீ போய் ஏதாவது எடு தில்லை, கார்டு சும்மா கிடக்கு" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனுடைய பெரிய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மாற்று பேட்டரிகளைக் குளிரில் செத்துவிடாதபடி அக்குளுக்குள் செருகிக்கொண்டு, மேலே போனேன். மேல்தளத்தில் யாருமில்லை. இன்றுபோலவே தாழ்ந்த மூடுபனி. சத்தமே இல்லை என்று நினைத்தேன், பிறகு கேட்டது: தண்ணீரில் கரைகிற சிறு பனித்துண்டுகள் பொரிகிற ஒலி, கடுகு தாளிப்பதுபோல, பனிக்குள் அடைபட்டிருந்த, யார் யாரோ மூச்சுவிட்ட காலத்துக் காற்று குமிழ் உடைத்து வெளியேறுகிற ஒலி. அப்புறம் அந்தப் பனிப்பாறை வந்தது. மேலே ஒரு வளைவு, வளைவின் விளிம்பிலிருந்து புதிதாக இறங்கிய மெல்லிய பனி விழுதுகள், அவற்றுக்குக் கீழே பாறையின் குறுக்கே ஒரு நீண்ட பள்ளக்கோடு, இடமிருந்து வலமாகச் சரிந்து. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கடல் நாள் முழுக்க நக்கி நக்கிப் பாறையின் இடுப்பில் பள்ளம் போடுகிறது, அது நீர்க்கோடு. என்றோ ஒருநாள் பாறையின் அடியிலிருந்து ஒரு பெரும் துண்டு கழன்று போகிறது. எடை மாறிப் பாறை தன் சமநிலையைத் தேடிச் சாய்கிறது. பழைய நீர்க்கோடு சாய்ந்தபடியே தண்ணீரைவிட்டு மேலே வந்துவிடுகிறது. கடல் அதற்குப் பிறகு புதிய கோடு போடத் தொடங்குகிறது. அதாவது என் முன்னால் நின்ற பாறை அண்மையில் புரண்ட பாறை. சாய்ந்த கோடு அதன் பழைய வாழ்க்கை, நேராகத் தொங்கிய விழுதுகள் அதன் புதிய வாழ்க்கை. இரண்டும் ஒரே சட்டத்துக்குள். எனக்குக் கண்ணீர் வந்தது, இமையிலேயே உறைந்தது, அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கேமராவைத் தூக்கினேன். கேமரா வெள்ளையை நம்பாது, எந்த வெண்மையைக் கண்டாலும் அதைச் சாம்பலாக்கிப் பார்க்கிற குமாஸ்தா அது, வெளிச்சத்தைக் கூட்டிக்கொடுத்தேன். கப்பல் உருண்டது, ஊசல்போல, ஒரு பக்கம் போய் உச்சியில் ஒரு கணம் நின்று மறுபக்கம் திரும்பியது. உச்சியில் வேகம் சுழி, அதாவது பூஜ்யம். பள்ளிக்கூடப் பாடம். அந்தச் சுழிக்குக் காத்திருந்தேன், என் மூச்சையும் நிறுத்தினேன், விழுதுகளைச் சட்டத்தின் விளிம்புக்கு இணையாக நிறுத்தி அழுத்தினேன். ஓடுகிற கப்பலில் நடுங்காத படம். கேபினுக்குத் திரும்பியதும், லென்ஸுக்குள் வியர்த்துவிடாமலிருக்கக் கேமராவைப் பையில் கட்டிவைத்துவிட்டு, அவனுடைய பக்கெட்டைக் கழுவினேன். அன்றிரவு அவன் தலையைக் கோதிக்கொண்டே சொன்னேன்: கப்பல் மூச்சு நிறுத்துகிற ஒரு கணம் இருக்கிறது நந்து, அப்போது எடுக்க வேண்டும்.

"கப்பல் மூச்சு நிறுத்துற நேரம்னு ஒண்ணு இருக்கு. அதை நான் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆச்சு" என்று என் முதுகுக்குப் பின்னால் அவன் இப்போது சொல்கிறான். பல வருஷம். ஒரு தலைகோதல் நேரம் ஆயிற்று, அவ்வளவுதான். இதோ இந்தக் கம்பியை இப்படியே பெயர்த்தெடுத்து, வேண்டாம். ஒரே வாக்கியம். உங்களுக்குப் பரிசு வாங்கித்தந்த அந்தப் படத்தில். 'பரிசு வாங்கித்தந்த' என்பதில் பொறாமை வாசனை அடிக்கிறதா? 'புகழ்பெற்ற அந்தப் படத்தில்' என்று மாற்றலாம். மாற்றினால் நானே அதற்குப் புகழ் கொடுப்பதாகிவிடும், கொடுத்தால் என்ன, என் படம்தானே. படத்தை நாளிதழின் ஞாயிறு இணைப்பில்தான் முதலில் பார்த்தேன், நெய்வேலியில், அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனைக் கூடத்தில் காத்திருந்தபோது, யாரோ சாப்பிட்ட இட்லிப் பொட்டலத்துக்கு அடியில். சாம்பார்க் கறைக்குள் என் பனிப்பாறை. கீழே அவன் பெயர், பரிசின் பெயர், நாட்டின் பெயர். சொன்னால் நம்பமாட்டார்கள், என்னை முதலில் உறுத்தியது பெயர் இல்லை. சாய்வு. படம் சாய்ந்திருந்தது. பள்ளக்கோடு தரைபோல நேராகக் கிடந்தது, விழுதுகள் அத்தனையும் நுனி வலப்பக்கம் ஒதுங்கிக் கோணலாக நின்றன. ஏதோ ஒரு விமர்சகர் அதற்கும் உரை எழுதியிருந்தார்: துருவக் காற்று தலைவாரிவிட்ட விழுதுகளாம். சிகிச்சை முடிந்து அப்பா கண் விழித்த பிறகு அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அது என் படம்" என்றேன். "நம்ம கேமரா, நம்ம படம். உன் பேரைப் போட்டா யாருக்குத் தெரியும் தில்லை? எனக்கு ஒரு பேர் இருக்கு, பரிசு பேர் இருக்கிற பக்கம்தான் வரும்" என்றான். நான், அப்போதும் நான், கேட்டேன்: "படத்தை ஏன் சாய்ச்ச?" மறுமுனையில் அவன் உண்மையிலேயே வியந்துபோனான். "சாய்ச்சேனா? நீ கோணலா எடுத்து வச்சிருந்த. நான்தான் உக்காந்து நேராக்கினேன். தேங்க்ஸ் சொல்லு." நீ கோணலா எடுத்து வச்சிருந்த. ஒரு படத்தைத் திருடுகிறவனை மன்னிக்கிற மகான்கள் எங்காவது இருக்கலாம். திருடிய வீட்டைக் கூட்டிப் பெருக்கவில்லை என்று வீட்டுக்காரியைத் திட்டிவிட்டுப் போகிற திருடனை எந்த மகான் மன்னிப்பான்? அன்றைக்கே அவனுக்கு விளக்கியிருக்கலாம். பாறை புரளும், கோடு சாயும், தொங்குவது மட்டும் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டு நேராகத் தொங்கும் என்று. அதற்கு முந்தின நாள்வரை விளக்கியிருப்பேன். அவன் பேட்டிகளில் பேசிய ஒவ்வொரு அறிவார்ந்த வாக்கியமும் அப்படி நான் விளக்கியது. அன்று விளக்கவில்லை. "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவனுக்குத் தெரியாத ஒன்றை முதன்முறையாக எனக்கென்று வைத்துக்கொண்டேன்; விவாகரத்தின்போது பாத்திரம் பண்டம்கூடக் கேட்காமல் அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். மூலப்படம் இருந்த வட்டு அழிந்துபோய்விட்டது என்றான். அழியட்டும். தன் கையாலேயே படத்தின் மேல் அந்தச் சாய்வைக் கைரேகையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறானே.

ஆனாலும் பயமாக இருக்கிறது. அவனைப் பார்த்தா? இல்லை, அவனுடைய அந்தத் திரும்பலைப் பார்த்து. மேடையில் யாராவது கடினமாகக் கேட்டுவிட்டால் நந்தகோபால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்புவான். இடப்பக்கம் ஒரு அடி பின்னால் நான் நிற்பேன். தணிந்த குரலில் பதில் சொல்வேன். அவன் அதை வாங்கி, கொஞ்சம் தாடியைத் தடவி, தன் பதிலாகச் சபைக்குத் தருவான். கல்யாணம் என்பது அந்தத் திரும்பல்தான். சமைத்தது, துவைத்தது, மாமியாரோடு மாரடித்தது எல்லாம் எனக்கு மறந்துவிட்டது, அந்தக் கழுத்தின் திரும்பலை என் உடம்பு மறக்கவில்லை. மாலையில் நான் கேள்வியை வீசுவேன், அவன் திகைத்து, பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்புவான், நானும் பழக்கதோஷத்தில் பதில் சொல்லித் தொலைத்துவிடுவேனோ? அன்று மேசையில் என் உதடுகள் சிரித்ததுபோல என் நாக்கும் எனக்குத் துரோகம் செய்யுமோ? இதை யாரிடமும் சொல்ல முடியாது. நேற்று முன்தினம் என் வகுப்பில் பழைய நீர்க்கோட்டைப் பற்றிச் சொன்னபோது வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னேன், பலகையில் பெரிதாக வரைந்து காட்டினேன், புரண்ட பிறகு தொங்குகிறவைதான் உண்மையான தூக்குக்குண்டு, கொத்தனார் சுவருக்கு வைப்பதுபோல, என்று இரண்டு முறை சொன்னேன். அவன் வகுப்புக்கு வரவில்லை. எந்த வகுப்புக்கும் வருகிற வழக்கமில்லை. நீராவிக் குளியலில் இருந்தான். ஏதோ விதை போடுகிறேன் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தேன். முன்வரிசையில் டாக்டர் உமையாள் உட்கார்ந்திருந்தார், காரைக்குடிக்காரர், சென்னையில் பல் சீரமைப்பு மருத்துவர், குழுவில் எல்லோருக்கும் ஆச்சி. அவர் கணவர் பழனியப்பன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆச்சி மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பலகையைப் பார்த்தார், கோணல் பல்லைப் பார்ப்பதுபோல.

"எல்லாரும் பாறையைப் பாருங்க. குறுக்க ஒரு கோடு தெரியுதா?" நந்தகோபாலின் குரல் உயர்கிறது. நான் இன்னும் அதைக் கவனிக்கவில்லை, நினைப்பில் இருந்துவிட்டேன். பாறை நெருங்கிவிட்டது. அதன் குறுக்கே, ஈரநீல நிறத்தில், ஒரு பள்ளக்கோடு. இடமிருந்து வலமாகச் சரிந்து. எட்டு வருடங்களுக்குப் பிறகு அதே சரிவு, இது வேறு பாறை, அந்தப் பாறை எப்போதோ கரைந்து கடலாகியிருக்கும், ஆனால் அதே சரிவு, யாரோ எனக்காகச் சொல்லிவைத்து அனுப்பியதுபோல. "கேமராவுக்குள்ள நேரா இருக்கான்னு லெவல் காட்டுதே, அதை முதல்ல அணைங்க. கப்பல் ஆடுறப்ப அது குடிகாரன் மாதிரி உளறும். அடிவானமும் இல்லை. அப்ப எதை வச்சு நேராக்குறது? அந்தக் கோடுதான். தண்ணி வரைஞ்ச கோடு, தண்ணி பொய் சொல்லாது. அது கடவுள் போட்ட லெவல். கோட்டை நேரா வச்சு எடுங்க. என் படத்தை நான் அப்படித்தான் எடுத்தேன்." சொல்லிவிட்டான். அவன் வாயாலேயே, பகல் வெளிச்சத்தில், சாட்சிகளோடு. எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் வலது கையைத் தாழ்த்தி, இடது கையை உயர்த்தி, கேமராக்களை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்கள், உடற்பயிற்சி வகுப்புபோல. பழனியப்பன் கைப்பேசியோடு தானும் சாய்கிறார். "உமையா, கழுத்து பிடிச்சுக்கும்டி." "பேசாம சாயுங்க. குடுத்த காசுக்குச் சாயணும்ல." நந்தகோபால் ஒவ்வொருவர் திரையாக எட்டிப் பார்த்து "அழகு, அழகு" என்கிறான். நான் கழுத்தில் தொங்கிய என் கேமராவின் லெவலை அணைக்கவில்லை. நான் எதுவும் எடுக்கவில்லை. காத்திருந்தேன். முகத்தில் இடப்பக்கக் கன்னம் மட்டும் அதிகமாகக் குளிர்ந்தது, காற்று திரும்புகிறது என்று தெரிந்தது, காற்று திரும்பினால் மூடுபனி என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்வது என் வேலைதான். இந்த வேலைக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். வாயைத் திறக்கவில்லை.

மூடுபனி கிழிந்தது. ஒரு பக்கமாகப் பற்றி இழுத்த படுக்கை விரிப்புபோல வழுக்கிக்கொண்டு போயிற்று, கீழே கரும்பச்சையாகக் கடல், தூரத்தில் ஈய நிறத்தில் அடிவானம், கத்தியால் வெட்டியதுபோல நேராக. பாறையின் அடி தண்ணீரைத் தொடுகிற இடமும் தெரிந்தது, புதிய நீர்க்கோடு, அடிவானத்துக்கு இணையாக. சாய்ந்த கைகள் சில இன்னும் அழுத்திக்கொண்டிருந்தன. "என்னங்க இது, கடல் வடிஞ்சு ஓடுது!" என்றார் ஆச்சி, திரையை மூக்கருகே வைத்துக்கொண்டு. பழனியப்பன் எட்டிப் பார்த்தார். "நீ எடுத்தா கடலே சரியும்டி." "என்னை மட்டும் சொல்லாதீக. இவுக படத்தைப் பாருங்க, அவுக படத்தைப் பாருங்க, எல்லாத்துலயும் இடப்பக்கமாத்தான் ஓடுது." நந்தகோபால் சிரித்துக்கொண்டே வந்தான். "ஆட்டத்துல கை நழுவியிருக்கும் ஆச்சி." "எல்லாருக்கும் ஒரே பக்கமாவா சார் நழுவும்? முந்தாநாள் தில்லை மேடம் வரைஞ்சு காட்டினாகளே, பாறை புரண்டா பழைய கோடு சாஞ்சு மேல வந்துரும்னு. அப்ப அந்தக் கோடு லெவல் இல்லையே?" "கிளாஸ்ல சொல்றது வேற ஆச்சி, களம் வேற." அவன் குரலில் இன்னும் வெல்லம் இருந்தது. ஆச்சியின் கைப்பை ஜிப் இழுபடுவது கேட்டது. முதல் நாள் குழுவில் ஒவ்வொருவருக்கும் அவன் கையெழுத்திட்டுக் கொடுத்த அட்டை, பரிசுப் படம் அச்சிட்டது. அதை வெளியே எடுத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நானும் அன்னைலேருந்து பாக்குறேன், இதுல ஏதோ உறுத்துதேன்னு. நாள் பூரா பல்லை நேராக்குறவ சார் நான், ஒரு நூல் கோணல் இருந்தாலும் தூக்கம் வராது. இந்தா, விழுது விழுதாத் தொங்குதே, அத்தனையும் ஒரே பக்கமாச் சாஞ்சு நிக்கிது." "காத்து ஆச்சி. அங்க அடிக்கிற காத்து." "தொங்கவிட்ட துணியா சார் பறக்குறதுக்கு?" அட்டையை வலப்பக்கமாக மெல்லத் திருப்பினார், திருப்பாணியை முறுக்குகிற கவனத்தோடு, ஒரு இடத்தில் நிறுத்தினார். "இப்பப் பாருங்க. விழுதெல்லாம் நேராயிருச்சு. கோடுதான் சாஞ்சிருக்கு, இதோ எதிர்ல நிக்கிற பாறை மாதிரியே. அப்ப எடுக்கிறப்ப இது இப்படித்தானே இருந்திருக்கும்? பின்னாடி யாரோ திருப்பியிருக்காக. மேல நின்னு கண்ணால பாத்து எடுத்தவுகளுக்கு அது தெரியாமலா போயிருக்கும்?" அவர் குற்றம் சாட்டவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை, பதில் வேண்டியிருந்தது. அதனால்தான் சுற்றிலும் எல்லோரும் கேமராக்களைத் தாழ்த்திவிட்டு நந்தகோபாலைப் பார்த்தார்கள். என் ஒரே வாக்கியம், நான் எத்தனை நாள் உளிவைத்துச் செதுக்கிய வாக்கியம், காரைக்குடித் தமிழில், கைப்பையிலிருந்து, என்னைவிட நன்றாக வெளியே வந்து விழுந்துவிட்டது. எனக்கு ஒரு கணம் ஆத்திரம்கூட வந்தது, அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்களே என்று.

நந்தகோபால் தாடியைத் தடவினான். பிறகு அவன் கழுத்து திரும்பியது. இடப்பக்கம், ஒரு அடி பின்னால். அங்கே நான் இல்லை. எதிரே, கம்பியருகே இருந்தேன். அவன் கண்கள் வெற்றிடத்தைத் துழாவிவிட்டு என்னைத் தேடிவந்து பிடித்துக்கொண்டன. "தில்லை... நீ கொஞ்சம் சொல்லேன். அந்த பிசிக்ஸு..." குரலில் வெல்லம் கரைந்துபோயிருந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும், பக்கெட்டுக்கு மேல் குனிந்திருந்த குரல் அது, என்னை விட்டுட்டுப் போயிடாத என்ற குரல். என் நாக்கு எழுந்தது. கூசாமல் எழுந்தது. மூன்று பதில்கள் நாக்கின் மேல் வரிசையில் நின்றன, மூன்றும் பொய், மூன்றும் கச்சிதம்: நெடுந்தூர லென்ஸின் கோணல், குளிர்காற்றில் ஒளி வளைவது, விழுதுகள் பாறை புரள்வதற்கு முன்பே உறைந்தவை என்பது. கடைசியானது அருமையானது, எந்த ஆச்சியும் அதை உடைக்க முடியாது, அதைச் சொன்னால் அவன் பிழைத்துவிடுவான், நன்றியோடு என்னைப் பார்ப்பான், மாலையில் அரங்கில் அதையே தன் கண்டுபிடிப்பாகச் சொல்வான். அன்றுபோலவே அக்குளுக்குள் செருகியிருந்த பேட்டரி கதகதப்பாக அழுந்தியது. கப்பல் ஒரு பக்கமாக உருளத் தொடங்கியது. என் முகம் சிரிக்கிறதா என்று நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். சிரிக்கவில்லை. "எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றேன், மேசை முழுவதற்கும் கேட்க அவன் பேசினானே, அந்த உரப்பில். "நான்தான் அன்னைக்கு கேபின்ல பக்கெட்டோட குடும்பம் நடத்திட்டு இருந்தேனே. மேல நின்னு கண்ணால பாத்து எடுத்தவர் நீங்க. நீங்கதான் சொல்லணும், சார்." யாரும் சிரிக்கவில்லை. பழனியப்பன் கைப்பேசியை மடக்கி உள்ளே வைத்தார். ஆச்சியின் பார்வை அட்டையிலிருந்து என்னிடம் வந்தது, என்னிடமிருந்து அவனிடம் போயிற்று, திரும்ப அட்டைக்கு வந்தது, அங்கே கையெழுத்தின் மேல் நின்றது. அவர் பல்லை எண்ணுவதுபோல மெதுவாக எதையோ சேர்த்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நந்தகோபால் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினான். நான் வெளிச்சத்தைக் கூட்டிவைத்தேன். கேமராவைத் தூக்கி, அவனுக்குப் பின்னால் இருந்த அடிவானத்தைச் சட்டத்தின் விளிம்புக்கு இணையாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். கப்பல் உச்சிக்குப் போய் மூச்சை நிறுத்தியது. நானும் நிறுத்தினேன். அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன்: கடல் நேராக இருந்தது, அவன் சாய்ந்திருந்தான், நடுங்காமல் விழுந்திருந்தது படம்.